ஆறாம் டேங்கில் கேட்ட ஒற்றைத் தட்டு

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பேய்க் கதை சொல்கிறவர்களை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அவர்களுடைய பேய்கள் நடுராத்திரிக்குக் காத்திருக்கும். வெள்ளை உடுத்தும். மின்சாரம் போன பிறகுதான் வரும். எனக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே நல்ல வெயில். மின்சாரமும் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது என் மனைவியின் ஆவி இல்லை. மனைவியை இழந்தவன் பேய் என்று வாயைத் திறந்தாலே, கேட்கிறவர்கள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொள்கிறார்கள். சாய்க்க வேண்டாம். அவள் போனது போனதுதான். ஒரு தடவைகூட வரவில்லை.

அவள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. காய்ச்சல், ஆஸ்பத்திரி, முடிந்தது. அவள் போனபோது எங்கள் மகள் பாப்பாவுக்கு இரண்டு வயது. அத்தை, அதாவது மாமியார், வந்து தூக்கிக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. அந்த நாட்களில் யாராவது என்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன்.

பிறகு இரண்டு வேலைகளில் சேர்ந்தேன். இரண்டையும் விட்டேன். விட்டேன் என்பதுகூடப் பெருமைக்கு. ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பாப்பாவைக் கேட்டுப் போனபோது அத்தை என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஆறு மாசம் ஒரே வேலையில நில்லுங்க மாப்பிள்ளை. அப்புறம் பிள்ளையக் கேளுங்க."

"இல்லன்னா?"

"இல்லன்னா உங்களுக்கே ஒரு ஆள் சோறு ஊட்டணும். என் பேத்தியையா ஊட்டச் சொல்றீங்க?"

அவர் சொன்னது சரி. அத்தையிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். எப்போதும் சரியாகச் சொல்லித் தொலைப்பார்.

அப்படித்தான் ஒரு பீர் ஆலையில் உதவி பிரூவராகச் சேர்ந்தேன். வேதியியலில் முதுகலை. "சாராயம் காய்ச்சத்தான் இவ்வளவு படிச்சியா?" என்று கேட்டார் சித்தப்பா. எங்கள் ஆலையின் பீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

உதவி பிரூவர் என்றால் பிரூவருக்கு, அதாவது பீர் காய்ச்சுகிறவருக்கு, உதவுகிறவன் என்று நினைத்திருந்தேன். கழுவுகிறவன் என்று அர்த்தம். மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, அரைக்கிற இயந்திரத்தைக் கழுவ வேண்டும். அதைக் கொதிக்கவைக்கிற அண்டாவைக் கழுவ வேண்டும். ஈஸ்ட் போட்டு நுரைக்க விடுகிற டேங்குகளைக் கழுவ வேண்டும். குழாய், வால்வு, தரை, வாளி. கடைசியில் கழுவுகிற பிரஷ்ஷைக் கழுவ வேண்டும்.

தலைமை பிரூவரை எல்லோரும் மூக்கு என்றுதான் சொன்னார்கள். நாற்பது வயது இருக்கும். எந்த கிளாஸைக் கொடுத்தாலும் மோதிரம் தொலைந்ததுபோல மூக்கை உள்ளே விட்டுத் தேடுவார். பிறகு கண்ணை மூடி, "வாழைப்பழம்," என்பார். எல்லாவற்றிலும் வாழைப்பழம். தேடத் தேவையே இல்லை, ஒரு மோதிரம் அவர் விரலிலேயே இருந்தது. கனத்த மோதிரம். அந்த மோதிரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் நிரப்புகிற பக்கம் ஒரு அக்கா இருந்தாள். பாட்டில் அக்கா. என்னை விசாரித்தவர்களில் அவள் ஒருத்திதான் தலையைச் சாய்க்கவில்லை.

"பொண்டாட்டி இல்லையாமே?"

"இல்ல."

"இன்னொண்ணு பாக்கலையா?"

"இல்ல."

"நல்லது. இந்தச் சம்பளத்துக்கு ஒண்ணே அதிகம்."

டேங்குகள் ஆறு. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். வட்டமாக, எஃகில். கீழே பக்கவாட்டில் ஒரு ஓட்டை, ஒரு ஆள் தவழ்ந்து நுழைகிற அளவு. அதை வாய் என்பார்கள். மற்ற ஐந்துக்கும் உள்ளே தானாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற கருவி உண்டு. ஆறாவதில் அது உடைந்து கிடந்தது. முதலாளியம்மா மாற்றவில்லை. ஆள் மலிவு, கருவி விலை அதிகம். ஆகவே ஆறாவதை மட்டும் மனிதன் உள்ளே போய்த் தேய்க்க வேண்டும்.

அதற்கு ஒரு முறை இருந்தது. மூக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்.

"ஒருத்தன் உள்ள, ஒருத்தன் வெளிய. கத்தினா ஒண்ணும் புரியாது, சத்தம் உள்ளயே சுத்தும். அதனால தட்டணும். உள்ள இருக்கிறவன் ரெண்டு தட்டு. வெளிய இருக்கிறவன் ஒண்ணு."

"அர்த்தம்?"

"ரெண்டுன்னா, நான் இருக்கேன். ஒண்ணுன்னா, நானும் இருக்கேன். பதில் வரலன்னா யோசிக்காத. வெளிய வந்துடு."

"சுவத்துல தட்டலாமா?"

"உனக்கு யாருய்யா டிகிரி கொடுத்தது? சுவத்துக்கு நடுவுல இவ்வளவு தடிமனுக்கு பஞ்சு அடைச்சிருக்கு, குளிர்ச்சி போகாம இருக்க. வெளிய இருந்து சுத்தியலால அடிச்சாலும் உள்ள கேக்காது. வாய் விளிம்புல தட்டணும். அங்க மட்டுந்தான் ஒரே இரும்பு."

டேங்கில் என்ன ஆபத்து என்பது எனக்குத் தெரியும். பீர் நுரைக்கும்போது கரியமில வாயு வரும். காற்றைவிடக் கனம். அடியில் தங்கும். நிறமில்லை. கொஞ்சமாக இருந்தால் தூக்கம் வரும். நிறைய இருந்தால் தூக்கம் கலையாது. பாடப் புத்தகத்தில் இரண்டு வரி.

சேர்ந்த நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். ஆறாவது டேங்கைக் கடக்கிறவர்கள் எல்லோரும், நிற்காமல், அதன் வாய் விளிம்பில் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு தட்டு. பாட்டில் அக்கா, மூக்கு, லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள்கூட.

"எதுக்குக்கா?"

"பழக்கம்."

"என்ன பழக்கம்?"

"படிச்சவன் கேக்கிற கேள்வியப் பாரு. பழக்கம்னா பழக்கம்."

மூடநம்பிக்கை என்று முடிவுகட்டினேன். அந்த ஆலையிலேயே தட்டாமல் நடந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தியும் இருந்தது.

நான்கு மாதம் ஓடியது. காலையில் எழுந்தேன். கழுவினேன். வாரம் ஒருமுறை பாப்பாவைப் பார்த்தேன். அவள் என்னை அங்கிள் என்று கூப்பிடாததற்கு அத்தைதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது மாதம்.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஆறாவதில் புது பீர் ஊற்ற வேண்டும். நானும் மூக்கும் மட்டும் வந்திருந்தோம். பாட்டில் இயந்திரம் ஓடவில்லை. அவ்வளவு அமைதியாக அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஐந்தாவது டேங்க் மட்டும் நுரைத்துக்கொண்டிருந்தது. அதன் குழாய் வாளித் தண்ணீரில் குமிழி விடுகிற சத்தம்... பளக்... பளக்...

வாயு இருக்கிறதா என்று காட்டுகிற மீட்டரை எடுத்தேன். பேட்டரி இல்லை.

"காலையிலேருந்து ஃபேன் போட்டு வெச்சிருந்தேன்," என்றார் மூக்கு. "உள்ள பூங்கா மாதிரி காத்து. போ."

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கிற வால்வு?"

"மூடியாச்சு. எனக்கே பாடமா?"

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். மறுமுனை அவர் கையில். ஹெல்மெட்டில் விளக்கு. பிரஷ், வாளி. தவழ்ந்து நுழைந்தேன். இரண்டு மணி தாண்டியிருந்தது.

உள்ளே போனால் உங்கள் மூச்சே உங்களுக்குத் திருப்பிக் கேட்கும். சுவரெல்லாம் சுண்ணாம்புபோல வெள்ளைப் படிவம். பீர் விட்டுப்போகிற கல். தேய்க்க ஆரம்பித்தேன்.

பிரஷ் கட்டையை நீட்டி வாய் விளிம்பில் இரண்டு தட்டு. டக்... டக்.

வாய் விளிம்பிலிருந்து பதில். டங்.

மோதிரச் சத்தம். தெளிவாக இருந்தது.

தேய்த்தேன். மறுபடி. டக்... டக்.

டங்.

குனிந்து அடிப்பக்கம் தேய்த்தேன். என் மூக்கில் சுருக்கென்று ஏதோ ஏறியது. சோடாவை அவசரமாகக் குடித்தால் ஏறுமே, அதுபோல. கழுவுகிற அமிலமாக இருக்கும் என்று நினைத்தேன். வேதியியல் முதுகலை அப்படித்தான் நினைத்தது.

டக்... டக்.

டொக்.

கையை நிறுத்தினேன். மோதிரம் இல்லை. எலும்பு. வெறும் விரல் மூட்டு.

மோதிரத்தைக் கழற்றிவிட்டார் போல, என்று நினைத்தேன். தேய்த்தேன்.

தலை கனத்தது. முழங்கால் தானாக மடங்கியது. சரி, உட்கார்ந்துகொண்டே தேய்க்கலாம். உட்கார்ந்தேன். எஃகு குளிர்ச்சியாக, நன்றாக இருந்தது.

டக்... டக்.

டொக்.

இந்தத் தடவை வாய்ப்பக்கமிருந்து வரவில்லை. இடதுபக்கச் சுவரிலிருந்து வந்தது.

எதிரொலி என்றேன். வாய்விட்டே சொன்னேன். வட்டமான அறையில் சத்தம் திசை மாறும். எனக்கு நானே பாடம் நடத்தினேன். நல்ல வாத்தியார்தான்.

பிறகு பாடம் நடத்தவும் சலிப்பாக இருந்தது. பிரஷ்ஷை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அங்கே எனக்கு சுகமாக இருந்தது. நான் தட்டுகிறேன். யாரோ, நானும் இருக்கேன் என்கிறார்கள். இரண்டு வருடத்தில் எனக்கு வேறு யாரிடமும் இவ்வளவு பேசத் தோன்றியதில்லை. தட்டிக்கொண்டே தூங்கிவிடலாம் என்று இருந்தது.

டக்... டக்.

டொக்.

டக்... டக்.

டொக்.

கை ஓய்ந்தது. கண்ணை மூடினேன்.

டொக்.

நான் தட்டவில்லை.

கண்ணைத் திறந்தேன். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர். வேறொன்றும் இல்லை.

டொக்.

முதுகுக்குப் பின்னால். சுவர் அதிர்ந்தது முதுகில் தெரிந்தது.

நான் தட்டவே இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. பஞ்சு. வெளியிலிருந்து சுத்தியலால் அடித்தாலும்...

டொக்.

காதுக்குப் பக்கத்தில்.

மூச்சை அடக்கினேன். என் மூச்சு நின்ற பிறகும் ஒரு மூச்சு...

டொக்.

என் ஹெல்மெட்டில்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. தவழ்ந்தேனா, விழுந்தேனா. முகம் தரையில் இடித்தது. பல் உதட்டில் குத்தியது. வெளிக்காற்று தொண்டையில் கத்திபோல இறங்கியது. வாந்தி எடுத்தேன்.

தலையைத் தூக்கினேன். யாரும் இல்லை.

கயிற்றின் மறுமுனை ஒரு குழாயில் கட்டியிருந்தது. அழகான முடிச்சு.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலிருந்த வால்வு பாதி திறந்திருந்தது. ஐந்தாவதின் வாயு முழுக்க நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. மூடினேன். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

மூக்கு வாசல் கேட்டருகே வெயிலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போன் காதிலிருந்து இறங்கியது.

"எப்ப வந்தீங்க இங்க?"

"இப்பத்தான்."

"எப்ப?"

"ரெண்டு தடவை பதில் தட்டினேன். அப்புறம் ஒரு போன்... ஏன், என்ன ஆச்சு?"

"அப்புறம் யாரு தட்டினது?"

அவர் முகத்தை நான் அதுவரை அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. ரத்தம் இறங்குவது தெரிந்தது. யார் தட்டினது என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. உளறாதே என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார், தாழ்ந்த குரலில்.

"டங்குன்னா கேட்டுச்சு? டொக்குன்னா?"

மறுநாள் முதலாளியம்மாவிடம் சொன்னேன். வால்வைப் பற்றி, மீட்டரைப் பற்றி, போனைப் பற்றி. தட்டியதைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே அவர் தன் நகத்தைப் பார்த்தார்.

"பாதிதான் தேய்ச்சிருக்காம். மீதிய முடிச்சிடுங்க."

"உள்ள போக மாட்டேன்."

"உள்ள போகாத உதவி பிரூவர் எனக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். ஐந்தாவது மாதம். இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. அத்தை என்ன சொல்வார் என்று நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தேன். எதுவும் நன்றாக இல்லை.

கேட்டருகே பாட்டில் அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஒருத்தர்தானா? ரெண்டு பேரா?"

"என்னக்கா?"

"நீ கேட்டது."

"ஒரு தட்டுதான். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு."

அவள் கையை விட்டாள். கீழே உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ வர்றதுக்கு முந்தின வருஷம் இதே டேங்க்ல ரெண்டு பேரு. மச்சானும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளை உள்ள, மச்சான் வெளிய. உள்ள போனவன் மயங்கிட்டான். இவன் யாரையும் கூப்பிடல. தங்கச்சி புருஷனாச்சே, தூக்கிடலாம்னு தானும் உள்ள போயிட்டான். தூக்க முடியல."

"தட்டலையா?"

"தட்டினாங்கப்பா. அதான்." அவள் குரல் மாறவே இல்லை. "மாப்பிள்ளை அரை நினைவுல ரெண்டு ரெண்டா தட்டுறான். பயப்படாதடா, நான் இருக்கேன்னு மச்சான் ஒண்ணு ஒண்ணா தட்டுறான். உள்ள இருந்தே. நான் அந்த வழியாத்தான் வந்தேன். ரெண்டு கேக்குது, ஒண்ணு கேக்குது. எல்லாம் முறையாத்தானே நடக்குதுன்னு சாப்பிடப் போயிட்டேன். எல்லாரும் போயிட்டோம்."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"திரும்பி வர்றப்ப ரெண்டு கேக்கல. ஒண்ணு மட்டும் கேட்டுச்சு. விட்டு விட்டு. அது எதுக்குப் பதில்னு ஒருத்தருக்கும் தோணல."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போயிருப்ப. அப்புறம் யாரு கழுவுறது, நானா?" எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். "அதுக்குத்தான் போறப்ப வர்றப்ப ஒரு தட்டு தட்டிட்டுப் போறோம். நாங்க இருக்கோம்னு. நீ ஒருத்தன்தான் தட்டல."

அது என்னை வெளியே துரத்தியதா, கூடவே வைத்துக்கொள்ளப் பார்த்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு தட்டுக்கு அங்கே ஒரே அர்த்தம்தான். போ என்றோ இரு என்றோ அதில் இல்லை.

அத்தை வீட்டுக்கு நேராகப் போனேன். இந்தத் தடவையும் வாசலில்தான் நிறுத்தினார்.

"வேலை?"

"போச்சு."

"ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருக்க முடியலையா?"

"டேங்குக்குள்ள நுழையச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"செத்துப் போயிடுவேன் அத்தை."

"போனா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

"போகப் பிடிக்கல."

அத்தை வாசலை விட்டு நகர்ந்தார். பிறகு உள்ளே திரும்பினார்.

"பாப்பா, உன் செருப்ப எடு. அப்பா வந்திருக்கார்."

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் இப்போது ஒரு பெயிண்ட் கடையில் இருக்கிறேன். நாங்கள் இருப்பது நாலாவது மாடி. பாப்பாவுக்குத் தனியாகக் குளியலறைக்குள் இருக்கப் பயம். கதவைத் திறந்துவைக்கவும் வெட்கம். அதனால் அவளுக்கு அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தேன். நீ ரெண்டு தட்டு, நான் கதவில் ஒண்ணு தட்டுவேன். பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். அவளுக்கும் அது பிடித்துப்போனது.

போன வாரம் அவள் உள்ளே இருந்தபோது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடினேன். துடைத்து, அடுப்பைக் கழுவி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பதில் தட்டவில்லை என்று அழப்போகிறாள் என நினைத்தேன்.

அவள் அழவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தானாக வெளியே வந்தாள்.

"அப்பா, இன்னிக்கு நீ நிறைய தட்டினே."

"நானா?"

"ஆமா. நான் தட்டாதப்பகூட."

"கதவுலயா?"

இல்லை என்று தலையாட்டினாள். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். குழாய்க்குப் பக்கத்துச் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் வீடு இல்லை. தாழ்வாரம் இல்லை. வெட்டவெளி. நாலு மாடி உயரம்.

"எப்படிக் கேட்டுச்சு பாப்பா?"

அவள் விரலை மடக்கினாள். சுவரில் ஒரு தட்டு தட்டினாள்.

டொக்.

இப்போது அவள் குளிக்கும்போது கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பால் பொங்கினால் பொங்கட்டும். அவள் தட்டுகிறவரை நான் காத்திருப்பதும் இல்லை.

நான்தான் முந்திக்கொள்கிறேன்.